துப்பாக்கியின் இரும்பில் இறுகிப்போன பசையை எடுப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. தாத்தா பெயரில் இருந்த உரிமம் அப்பாவுக்கு வந்து, இப்போது என் பெயரில் இருக்கிறது. தேர்தல் வந்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் போய் வாங்கி வருவோம். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கிகள் அக்னி நட்சத்திரம் முழுக்க அங்கேதான் இருந்தன. பெயரும் உரிம எண்ணும் எழுதிய சீட்டைக் குழலோடு சேர்த்துச் சுற்றிய பழுப்பு டேப், அந்த வெயிலில் வெந்து இறுகிப்போயிருந்தது. அதற்குப் பிறகு இதே பிரச்சினையோடு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

பசையில் கை வைப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைக்குழல் என்றால் மடக்கித் திறந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இரண்டு குழலுக்குள்ளும் பாருங்கள். .315 ரைபிள் என்றால் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, அறையையும் மேகசினையும் பாருங்கள், விரலை விட்டும் தடவுங்கள். ரிவால்வர் என்றால் சிலிண்டரின் ஒவ்வொரு அறையையும் பாருங்கள். நீங்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே தோட்டாக்கள் இருக்க வேண்டாம். “இது காலிதான், எனக்குத் தெரியும்” என்று நினைத்த நாளில்தான் விபத்து நடக்கிறது.

அடுத்தது காற்று. நாம் பயன்படுத்தப் போகும் அசிட்டோனும் டர்பன்டைனும் எளிதில் தீப்பற்றும். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதாரண அறை வெப்பத்திலும் அதன் ஆவி தீப்பிடிக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு பரவி, அடுத்த அறையில் எரியும் அடுப்பையோ பூஜை விளக்கையோ தொட்டுவிடும். திண்ணையிலோ மொட்டை மாடி நிழலிலோ உட்கார்ந்து வேலை பாருங்கள்.

இரும்பின் மேல் இருக்கும் அந்தக் கருநீலம் என்ன? ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்?

அது பெயின்ட் இல்லை. ப்ளூயிங் என்று சொல்கிறோமே, அது இரும்பே மாறிய ஒரு தோல். சாதாரணத் துரு சிவப்பு. இது கறுப்புத் துரு, காந்தக் கல்லில் இருக்கும் அதே இரும்பு ஆக்சைடு. இன்றைய தொழிற்சாலைகளில் பெரும்பாலும் காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை 140 டிகிரி அளவில் கொதிக்க வைத்து, அதில் இரும்பை முக்கி இதை உண்டாக்குகிறார்கள்.

இந்தத் தோலின் கனம் சுமார் 1 மைக்ரான். தலைமுடி ஒன்றின் பருமனே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். அதாவது நீங்கள் எடுக்கப் பார்க்கும் பசை, அதற்குக் கீழே இருக்கும் பூச்சைவிடப் பல மடங்கு தடிமனானது. கைக்கு வலு கொடுத்துச் சுரண்டினால் எது முதலில் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கரைப்பானுக்கு நேரம் கொடுங்கள், கையின் பலத்தைக் குறையுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

பழைய இரட்டைக்குழல்களில் இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டு குழலையும் நடுவில் இருக்கும் பட்டையையும் ஈயப் பற்றுதான் சேர்த்துப் பிடித்திருக்கிறது. கொதிக்கும் காஸ்டிக் கரைசல் அந்த ஈயத்தைத் தின்றுவிடும் என்பதால், நல்ல இரட்டைக்குழல்களுக்கு மெதுவாகத் துருவேற்றி, வேகவைத்து, தேய்த்து, மறுபடி துருவேற்றிப் பல நாள் வேலையாகத்தான் நிறம் கொடுப்பார்கள். ஒரு முறை சுரண்டிக் கெடுத்தால், அதே நிறத்தைத் திரும்பக் கொண்டுவர ஆள் கிடைப்பது கஷ்டம்.

என் துப்பாக்கியில் இருப்பது ப்ளூயிங்கா, பெயின்ட்டா என்று எப்படித் தெரியும்?

முன்கட்டையைக் கழற்றினால் வெளியே தெரியாத ஒரு பகுதி இருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியை அசிட்டோனில் நனைத்து அங்கே ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். பஞ்சில் கறுப்பாகச் சாயம் இறங்கி, இரும்பு பிசுபிசுத்தால் அது பெயின்ட். பழைய எண்ணெய் அழுக்கு மட்டும் லேசாக வந்து, நிறம் அப்படியே இருந்தால் அநேகமாக ப்ளூயிங். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ப்ளூயிங்குக்கு அடியில் கடைசல் வேலையின் மெல்லிய கோடுகள் தெரியும். பெயின்ட் அவற்றை மூடிவிடும், ஓரங்களில் செதிலாகப் பெயரும்.

காந்தம் ஒட்டவில்லை என்றால் அது பெரும்பாலும் அலுமினியக் கலவை. அதன் மேல் இருப்பது அனோடைஸ் செய்த பூச்சு. அசிட்டோன் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வாஷிங் சோடா, காஸ்டிக், அடுப்பு துடைக்கும் திரவம் போன்ற காரப் பொருட்கள் பட்டால் வெளுத்துவிடும். சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தால் பாஸ்பேட் பூச்சு. அந்தச் சொரசொரப்புக்குள் பசை இறங்கியிருக்கும் என்பதால் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுக்க வேண்டும்.

டேப்பின் பசை இறுகிவிட்டது. படிப்படியாகச் சொல்ல முடியுமா?

நிறையப் பேருக்கு வருவது இதுதான், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் டேப்பின் மேல் தாளை எடுக்க வேண்டும். ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, குழல் கைக்கு வெதுவெதுப்பாகும் வரை சூடாக்குங்கள். டேப்பின் ஒரு முனையை நகத்தால் தூக்கி, செங்குத்தாக இழுக்காமல், குழலோடு படுத்தபடி பின்னோக்கி மெதுவாக உரியுங்கள். வேகமாக இழுத்தால் பிளாஸ்டிக் மட்டும் வந்து பசை முழுக்க இரும்பிலேயே நின்றுவிடும்.

இப்போது குழலில் பழுப்பாக ஒரு பட்டை தெரியும். பனைவெல்லப் பாகு காய்ந்தது மாதிரி இருக்கும், தொட்டால் ஒட்டாது. வெள்ளைப் பருத்தித் துணியை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்து டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்து, அந்தப் பட்டையின் மேல் சுற்றுங்கள். மண்ணெண்ணெய் இருந்தால் அதுவும் சரி. டபிள்யூ டி-40யும் இந்த வேலையைச் செய்யும். துணியின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால் ஆவியாகாமல் இருக்கும். அப்புறம் இருபது நிமிடம் வேறு வேலை பாருங்கள்.

துணியை எடுத்ததும் கட்டை விரலால் பட்டையின் ஓரத்தைத் தள்ளிப் பாருங்கள். பசை வெளிறிப்போய், உருண்டை உருண்டையாகத் திரண்டு வந்தால் ஊறிவிட்டது என்று அர்த்தம். வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் இருபது நிமிடம் வேண்டும். ஊறிய பசையைப் பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் சாய்வாகத் தள்ளுங்கள். மூலைகளுக்கு மூங்கில் குச்சியைச் சீவி வைத்துக்கொள்ளலாம். பசை ஒட்டிய துணியால் அடுத்த இடத்தைத் தேய்க்காதீர்கள், அதில் மணல் துகள் சிக்கியிருக்கும். துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். எங்கள் துப்பாக்கியில் விரல் நீளத்துக்கு இருந்த பட்டையை எடுக்க மூன்று முறை ஊறவைத்தேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஆனது.

அதற்கு முந்தைய ஒரு தேர்தலில் நான் பொறுமை இல்லாமல் சவர பிளேடால் சுரண்டினேன். வலது குழலில் இரண்டு அங்குலத்துக்கு வெள்ளிக் கோடு விழுந்தது, இன்றும் இருக்கிறது.

ஃபெவிக்விக் சொட்டிவிட்டது. அதுவும் டர்பன்டைனில் போகுமா?

போகாது. அதற்கு அசிட்டோன்தான் மருந்து. அறிவியல் பொருட்கள் விற்கும் கடையில் சுத்தமான அசிட்டோன் கிடைக்கும். நகப்பூச்சு அழிப்பானில் வேலையை முடிக்க நினைத்தால் அட்டையைப் படித்துப் பாருங்கள். சிலவற்றில் அசிட்டோனே இருக்காது, இருப்பவற்றிலும் வாசனைத் திரவியமும் எண்ணெயும் கலந்திருக்கும்.

பஞ்சை நனைத்துச் சொட்டின் மேல் வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பஞ்சை மாற்றுங்கள். முதலில் ஓரம் ஜெல்லி மாதிரி இளகும். அதை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி நனைத்த பஞ்சை வையுங்கள். அசிட்டோன் உண்மையான ப்ளூயிங்கைத் தொடாது, அந்தப் பயம் வேண்டாம்.

இந்தப் பசைக்கும் துப்பாக்கிக்கும் பழைய உறவு உண்டு. 1942இல், இரண்டாம் உலகப் போர் நேரத்தில், அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளரின் குழு, துப்பாக்கிகளுக்குக் கண்ணாடி போன்ற தெளிவான பிளாஸ்டிக் குறிபார்ப்பான் செய்யப் பொருள் தேடியது. அப்போது கிடைத்தவற்றில் ஒன்றுதான் ஃபெவிக்விக்கில் இருக்கும் சயனோஅக்ரிலேட். தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டதால் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, 1958இல் அதுவே பசையாக விற்பனைக்கு வந்தது.

சொட்டைச் சுற்றி வெள்ளையாகப் புகை படிந்ததுபோல இருக்கிறதே, பூச்சு போய்விட்டதா?

இல்லை. அந்தப் பசை காயும்போது கிளம்பும் ஆவி பக்கத்தில் படிந்து வெண்மையாகக் காய்கிறது. அசிட்டோன் நனைத்த பஞ்சால் இரண்டு முறை துடைத்தால் அடியில் நீலம் அப்படியே இருப்பதைப் பார்ப்பீர்கள்.

அரால்டைட், எம்-சீல் என்றால்?

இரண்டும் எபாக்சி. காய்ந்த எபாக்சியைக் கரைக்க வீட்டில் ஒன்றும் இல்லை. அசிட்டோன் அதைக் கொஞ்சம் ஊதவைக்கும், அவ்வளவுதான். ஆனால் சூட்டுக்கு அது இளகும். ஹேர் டிரையரால், கை வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் அளவுக்கு, அதாவது 60, 70 டிகிரிக்குச் சூடாக்கி, தடித்த பிளாஸ்டிக் முனையால் ஓரத்திலிருந்து நெம்புங்கள். சூடு ஆறும் முன் நெம்ப வேண்டும். ஆறினால் மறுபடி சூடாக்குங்கள். அடியில் எண்ணெய்ப் பசை இருந்த இடமென்றால் வில்லையாகவே கழன்று வரும்.

பெயின்ட் உரிக்கும் திரவம் என்று கடையில் கொடுப்பார்கள். டைகுளோரோமீத்தேன் கலந்த வகை எபாக்சியை இளக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஆவியை மூச்சில் இழுத்தால் உடலுக்குள் அது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மூடிய அறையில் அதைப் பயன்படுத்திப் பலர் இறந்திருக்கிறார்கள். ஒரு பசைத் துளிக்காக அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஹேர் டிரையருக்குப் பதிலாக ஹீட் கன், அல்லது கேஸ் அடுப்பு?

இரண்டும் கூடாது. முன்பே சொன்ன ஈயப் பற்று 183 டிகிரியிலிருந்தே உருகத் தொடங்கக்கூடியது. ஹீட் கன்னிலிருந்து வரும் காற்று 300 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். குழல்களுக்கு நடுவில் இருக்கும் பட்டை கழன்று அவை பிரிந்தால் அந்தத் துப்பாக்கியைச் சுடவே கூடாது. அசிட்டோன் தடவிய இடத்தில் ஹேர் டிரையரையும் போடாதீர்கள். அதற்குள் சிவக்கச் சூடாகும் கம்பி இருக்கிறது. ஒன்று சூடு, இல்லையென்றால் கரைப்பான். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

புளி, எலுமிச்சை, வினிகர் போட்டுத் தேய்க்கலாமா? பித்தளைப் பாத்திரத்துக்கு நன்றாகத்தானே வேலை செய்கிறது?

தயவுசெய்து வேண்டாம். பித்தளை பளபளப்பதற்குக் காரணம், புளியின் அமிலம் அதன் மேல் படிந்த ஆக்சைடைத் தின்பதுதான். ப்ளூயிங்கும் ஆக்சைடுதான். அமிலம் இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்காது, பசையை விட்டுவிட்டு பூச்சை எடுத்துவிடும். துரு நீக்கும் திரவங்களில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலமும் இதைத்தான் செய்யும். கோலா பானங்களிலும் அதே அமிலம் உண்டு. மரவேலைப் பசையான ஃபெவிகாலுக்கு வினிகர் நல்லது என்று சொல்வார்கள், மரத்துக்கு அது சரி. இரும்பில் பட்ட ஃபெவிகாலுக்கு வெந்நீரில் நனைத்த துணி போதும். அரை மணி நேரத்தில் வெண்மையாக உப்பிவிடும். எடுத்தவுடன் ஈரம் இல்லாமல் துடைத்து எண்ணெய் போடுங்கள்.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து பிடித்துக்கொண்டது. அதுவும் பசைதானா?

பசை இல்லை. ஆனால் பசையைவிட மோசமாகக் கெடுக்கும். குழைத்த சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. அது காய்வதற்குள் அடியில் துருவைத் தொடங்கி வைத்துவிடும். பொட்டு வைத்த இடத்தில் வட்டமாகத் துரு படிந்த குழல்களை நான் பார்த்திருக்கிறேன். காய்ந்த சந்தனத்தை நகத்தால் பெயர்க்காமல், மெல்லிய எண்ணெயை ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் துணியால் எடுங்கள். அடுத்த ஆண்டு முதல் பொட்டைத் துப்பாக்கியின் உறையில் வையுங்கள், அல்லது சரஸ்வதி பூஜை முடிந்த கையோடு துடைத்துவிடுங்கள். குடகில் கைல்போத் திருவிழாவில் கொடவர்கள் துப்பாக்கிகளை வைத்து வழிபடும்போது குழலில் தோக் பூவைச் செருகுவார்கள். அது நம் செங்காந்தள்தான். பூ வைப்பது எவ்வளவோ நல்லது, ஈரம் துடைத்தால் போதும்.

கம்பி நார், உப்புத்தாள்?

உப்புத்தாள் எந்த ரகமும் கூடாது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் கோடு போடும். மிக மெல்லிய 0000 ரக எஃகு நாரை எண்ணெயில் தோய்த்து லேசாகத் தேய்க்கலாம் என்று அனுபவசாலிகள் சொல்வது தொழிற்சாலை ப்ளூயிங்குக்குப் பொருந்தும். பாட்டிலில் விற்கும் திரவத்தை வீட்டில் தடவிக் கொடுத்த நிறமென்றால் அதிலேயே போய்விடும். எந்த வகை என்று தெரியாவிட்டால் துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எண் பொறித்த இடத்தின் மேலேயே பசை இருக்கிறது.

அங்கே மட்டும் இரண்டு மடங்கு பொறுமை வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியில் பொறித்த அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். ஊறவைப்பது, டூத் பிரஷ், துணி, இவ்வளவுதான். எழுத்துப் பள்ளங்களில் மிஞ்சியிருக்கும் பசையை மூங்கில் குச்சியால் எடுங்கள், ஊசியால் கிண்டாதீர்கள். அடுத்த முறை ஒப்படைக்கும்போது சீட்டை விசைக் காப்பு வளையத்தில் நூலால் கட்டித் தரும்படி கேட்டுப் பாருங்கள். இரும்பின் மேல் டேப் வராமல் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

ஏர் ரைபிளுக்கும் இதே முறைதானா?

வெளிப்புறத்துக்கு இதேதான். ஆனால் ஸ்பிரிங் வகை ஏர் ரைபிளில் குழலின் பின்பக்கத் துளை வழியாக டர்பன்டைனோ எண்ணெயோ உள்ளே போகக் கூடாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில், டீசல் எஞ்சினில் நடப்பது போலவே, அந்த எண்ணெய் ஆவி வெடித்து சீலைக் கிழித்துவிடும். காற்று நிரப்பும் பிசிபி வகையில் ரப்பர் வளையங்கள் இருக்கும். அசிட்டோன் பட்டால் அவை ஊதிப்போய்க் காற்று கசியும். ஸ்கோப்பின் கண்ணாடிப் பக்கம் எந்தக் கரைப்பானும் போக வேண்டாம்.

மரக்கட்டையில் சொட்டினால்?

கட்டையின் வார்னிஷை அசிட்டோன் நொடியில் கரைக்கும். முடிந்தால் குழலைக் கட்டையிலிருந்து கழற்றி வைத்து வேலை பாருங்கள்.

குழலுக்குள் கரைப்பான் போகாமல் துணி அடைக்கலாமா? குழலுக்குள்ளேயே பசை இருந்தால்?

துணி அடைக்கலாம். ஆனால் ஒரு முழ நீளத்துக்கு அது வெளியே தொங்க வேண்டும். சிவப்புத் துணியாக இருந்தால் இன்னும் நல்லது. அடைப்பை மறந்து சுட்டால் குழல் வெடிக்கும், விரல்கள் போகும். வேலை முடிந்ததும் இரண்டு குழல் வழியாகவும் வானத்தைப் பாருங்கள்.

குழலுக்குள் பசை காய்ந்திருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள், சுடவும் செய்யாதீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போங்கள். ஸ்க்ரூ கழலாமல் இருக்கப் போடும் சிவப்பு லாக்டைட் பசையும் அப்படித்தான். அது 250 டிகிரிச் சூட்டுக்குத்தான் விடும், அந்தச் சூட்டை எங்கே, எவ்வளவு நேரம் கொடுப்பது என்று தெரிந்தவர் கையில் நடக்க வேண்டிய வேலை.

பசை முழுக்கப் போய்விட்டது. துடைத்து வைத்துவிடலாமா?

பலர் ஏமாறும் இடம் இதுதான். அசிட்டோன் பசையோடு சேர்த்து, இரும்பில் இருந்த எண்ணெயையும் உருவிக்கொண்டு போயிருக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் ஒரே இரவில் அந்த இடம் செம்மை தட்டும். கையைக் கழுவி உலர்த்திக்கொண்டு (வியர்வையில் உப்பு இருக்கிறது), துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவுங்கள். தையல் மெஷின் எண்ணெயும் பரவாயில்லை. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், நாளாக ஆகச் சிக்குப் பிடித்து அதுவே ஒரு பசையாகிவிடும். மறுநாள் காலை வெள்ளைத் துணியால் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மை வந்தால் மறுபடி எண்ணெய் தடவுங்கள்.

ஏற்கெனவே சுரண்டி, வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. என்ன செய்யலாம்?

கடைகளில் கிடைக்கும் குளிர் ப்ளூயிங் திரவத்தால் கோட்டைக் கறுப்பாக்கலாம். அதில் செலினியம் கலந்த அமிலம் இருக்கும், விஷம், கையுறை கட்டாயம். நிறம் அருகில் இருப்பதோடு முழுக்கப் பொருந்தாது, சீக்கிரம் தேய்ந்தும் போகும். எங்கள் துப்பாக்கியின் கோட்டை நான் அப்படியே விட்டுவிட்டேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை எண்ணெய் தொட்ட துணியால் துடைக்கிறேன், இதுவரை துரு வரவில்லை.